14. மாற்றிப் பார்க்காத ஒன்று

ஒரு ஜோடிக் காதின் விலை மணிக்கு மூவாயிரம். வண்டிச் செலவு தனி.

ஸ்பீக்கர் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த விலை அது. ஸ்பீக்கர் வாங்குகிறவர் முதலில் கடையில் ஏமாறுவார், பிறகு வீட்டில் ஏமாறுவார். இரண்டாவது ஏமாற்றமாவது வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் காதுக்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை கை தட்டுவார். சுவர் அதை எப்படித் திருப்பிச் சொல்கிறது என்று கேட்பார். பிறகு ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுப்பார், நாற்காலியைப் பின்னால் தள்ளுவார், ஒரு பெட்டியை இரண்டு விரற்கடை உள்பக்கமாகத் திருப்புவார். அதுவரை இரண்டு பெட்டிகளுக்குள் அடைந்து கிடந்த பாட்டு, பெட்டிகளை உதறிவிட்டு நடுவில் வெறும் காற்றில் வந்து நிற்கும். மூவாயிரம் கொடுத்தவர் வாயை மூட மறந்து உட்கார்ந்திருப்பார்.

ஒரு கஞ்சப் பிரபு, "எங்கிட்ட இருக்கிறது ஒத்தை ஸ்பீக்கர்தானே, பாதி விலை போடுங்க" என்று பேரம் பேசிப் பார்த்தார். "ஒரு காதைக் கழட்டி வீட்ல வெச்சுட்டு வர்ற வசதி இன்னும் வரலைங்க" என்றார் காதுக்காரர். சந்தை ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது.

போன சனிக்கிழமை நடந்தது சந்தைக்குத் தெரியாது. காதுக்காரர் வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் அதை மறக்கவில்லை.

காதுக்காரரின் மனைவிக்கு ஒரே அண்ணன், ஸ்பீக்கர் கடைக்காரர். நெஞ்சளவு உயரத்தில் ஒரு புது ஜோடியைத் தங்கை வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வாடிக்கையாளர்கள் இங்கே உட்கார்ந்து கேட்கட்டும், கடைக்கு வந்து வாங்கட்டும் என்பது ஏற்பாடு. ஜோடி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை பாட்டு அமோகமாக இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை காலை நாற்காலியில் உட்கார்ந்த காதுக்காரர், ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "இடது பக்கத்துது செத்துப்போச்சு" என்றார்.

அதற்கு மேல் அந்த வீட்டில் விசாரணை கிடையாது. அவர் சொன்னால் செத்ததுதான். வயரை மாற்றினார், பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். செத்தது பிழைக்கவில்லை. அதோடு ஓர் இரைச்சல் வேறு என்றார். சனிக்கிழமை மனைவி பொறுக்க முடியாமல் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"பழுது சாமானைத் தலையில கட்டுறதுக்குத் தங்கச்சி வீடுதான் கிடைச்சுதா அண்ணே?"

"என் கடையில பழுது சாமான் விக்கிறதில்ல. உன் வீட்டுக்காரரோட காதைக் கொண்டுபோய் யார்கிட்டயாவது காட்டச் சொல்லு!"

தட்டானிடம் தராசு சரியில்லை என்று சொல்வதைப் போன்ற பேச்சு அது. அவள் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு அண்ணன், தங்கை இரண்டு பேரும் ஒரு வாரம் பேசவில்லை.

இன்று அடுத்த சனிக்கிழமை.

கூடத்தின் தரை முழுக்க வெள்ளை ஒட்டுநாடாக் குறிகள். ஜன்னல் பக்கம் ஒரு ஸ்பீக்கர், கதவுப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், எதிரே ஒற்றை நாற்காலி. மூன்றுக்கும் நடுவே ஒன்றுக்கொன்று எட்டடி. காலை ஏழு மணியிலிருந்து காதுக்காரர் ஜன்னல் பக்கத்துப் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டுக் கிடந்தார். ஐந்தாவது முறையாக வயர் மாற்றுகிறார்.

மனைவி தையல் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கர் முகப்புக்குத் துணி தைப்பது அவள் தொழில். சத்தத்தை மறைக்காமல் பெட்டியின் வயிற்றை மட்டும் மறைக்கிற துணி. அண்ணன் கடைக்கு மாதம் அறுபது தைத்துக் கொடுப்பாள். இந்த வாரம் ஊசியில் நூல் கோக்கவில்லை.

"என்னங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பாருங்களேன்."

அவர் வயரின் நுனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான். ஆறிப்போவுது."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டாள். அவள் அண்ணன் கொடுத்த பெட்டி. கோபத்தில் பாதி அவள் மேலும் வரும். நியாயம்தான்.

அவர் எழுந்து வந்து, ஆம்ப்ளிஃபயரில் இருக்கிற பேலன்ஸ் திருகை இடது பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினார். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். சுண்டு விரலை இடது காதில் விட்டுக் குடைந்தார்.

"இப்ப பரவாயில்ல. நொண்டி மாட்டுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி நிக்குது. டாக்டர் பத்து மணிக்கு வர்றாரு, சமாளிச்சிரலாம்."

பல் டாக்டர் பத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்தார். பத்து வருடம் ஊரார் பல்லைப் பிடுங்கிக் கட்டிய புது வீட்டில், பாட்டுக்கென்று தனியாக ஓர் அறை எடுத்திருந்தார். உயரமான ஜோடியா, ஸ்டாண்டில் வைக்கிற சின்ன ஜோடியா என்பதுதான் அவருடைய குழப்பம். முதலில் உயரமானதைக் கேட்க வந்திருந்தார்.

காதுக்காரர் விற்கத் தெரியாதவர். அதனால்தான் அவர் சொன்னால் விற்றது. "பெரிசு வாங்குறது வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு. ரூமுக்குத் தகுந்த மாதிரி வாங்குறதுதான் கேக்குறதுக்கு. உங்க ரூம் பத்துக்குப் பன்னெண்டு. இந்த உசரமான ஜோடியை அங்க வெச்சீங்கன்னா, அடிச்சத்தம் மூலையில போய்க் குமிஞ்சு கும்முனு நிக்கும். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைக் கார்ல ஏத்தின மாதிரி."

டாக்டர் சிரித்தார். தான் கொண்டுவந்த பாட்டைப் போடச் சொன்னார். ஒரு பெண் தனியாகப் பாடுகிற பாட்டு. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் கேட்டார். கண்ணைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடியும் மூடினார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இவங்க ஏன் ஜன்னல்கிட்டயே நின்னு பாடுறாங்க?"

"நடுவுலதான் நிக்கிறாங்க, டாக்டர்."

"எனக்கு என்னவோ இடது பக்கமா..."

"காதுக்குப் பழக்கம் வேணும். நாலு நாள் கேட்டா நடுவுல வந்துருவாங்க."

"இல்ல சார், ஜன்னல் திரைக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு."

காதுக்காரரின் முகம் இறுகியது. "உங்க நாற்காலியில வந்து உட்கார்ந்து, இந்தப் பல்லைத்தான் எடுக்கணும்னு நான் சொல்றேனா?"

"எல்லாரும் சொல்வாங்க சார்" என்றார் பல் டாக்டர், கோபமில்லாமல். "பாதி நேரம் அவங்க சொல்ற பல்லுதான் சரியா இருக்கும்."

மூவாயிரத்தை மேஜையில் வைத்துவிட்டு, "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்று எழுந்தார். சந்தையில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் பொருளை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 'வேண்டாம்' என்பதற்கு இஸ்திரி போட்டுச் சட்டை மாட்டினால் அது 'வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்'.

காதுக்காரர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விடப் போனார். மனைவி மெதுவாக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஜன்னல் பக்கம்தான் நின்று பாடினாள்.

அவளுக்கு இது புதிதல்ல. இந்த வாரம் புதன்கிழமையே கேட்டது. துணி விரிக்க ஜன்னலருகே போனபோது, செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பெட்டி, உயிரோடிருக்கிற பெட்டியைவிட ஓங்கிப் பாடிக்கொண்டிருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் அவள் காதுக்குப் பெயர் தகர டப்பா. செல்லமாக வைத்த பெயர்தான். செல்லமாகச் சொன்னாலும் டப்பா டப்பாதானே. தப்பு நம் காதில் என்று தீர்மானித்துக்கொண்டு துணியை விரித்தாள்.

இப்போது ஒரு பல் டாக்டருக்கும் அதே கேட்டிருக்கிறது. இரண்டு டப்பாக்கள் ஒரே பொய்யைச் சொல்லுமா?

போனை எடுத்தாள். விரல் ஒரு வாரமாகத் தொடாத நம்பர்.

"அண்ணே."

"யாரு?"

"ஏன், தெரியாதா?"

"ஒரு வாரமாச்சு. குரல் மறந்துபோச்சு."

"அதே மாதிரி புதுப்பெட்டி ஒண்ணு எடுத்துக்கிட்டு வா. இப்பவே."

"எதுக்கு? அதையும் செத்துப்போச்சுனு சொல்றதுக்கா?"

"நீ வாயேன் அண்ணே." அவருக்கு வாய்தான் கடைக்காரருடையது, மனசு அண்ணனுடையது.

"சரி பாப்பா. வர்றேன்."

அரை மணியில் வேன் வந்தது. கடையாள் ஒருவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"செத்த சாமான் விக்கிறவன் வந்திருக்கேன், மாப்ளே. வரலாமா?"

"நான் கூப்பிடலை, மச்சான்."

"தெரியும். நான் வந்தது என் பெட்டியைப் பார்க்க. உங்க மூஞ்சியை இலவசமாத்தான் பார்க்கிறேன்."

காதுக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் விலகி வழி விட்டார். அண்ணன் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். பேலன்ஸ் திருகு இடது கோடியில் கிடந்தது. அவர் புருவம் உயர்ந்தது. அதை நடுவுக்குக் கொண்டுவந்தார்.

இந்தத் தொழிலில் நோய் கண்டுபிடிக்க ஒரே முறைதான். சந்தேகம் வந்தால் இடத்தை மாற்று. கோளாறு கூடவே போனால் அது அந்தச் சாமானின் கோளாறு. போகாமல் அங்கேயே நின்றால் அந்தச் சாமான் நிரபராதி, அடுத்ததைப் பிடி.

இரண்டு ஆண்களும் சேர்ந்து ஜன்னல் பெட்டியைக் கதவுப் பக்கமும், கதவுப் பெட்டியை ஜன்னல் பக்கமும் நகர்த்தினார்கள். காதுக்காரர் உட்கார்ந்து கேட்டார்.

"இடது பக்கம்தான்."

"அப்ப என் பெட்டி இல்ல" என்றார் அண்ணன். குரலில் ஒரு துள்ளல். "பாப்பா, கேட்டுக்கோ. என் பெட்டி இல்ல."

வயரை மாற்றினார்கள். இடது பக்கம்தான். ஆம்ப்ளிஃபயரின் இடது வாயையும் வலது வாயையும் மாற்றிச் செருகினார்கள். இடது பக்கம்தான். புதுப்பெட்டியைப் பிரித்து ஜன்னல் பக்கம் வைத்தார்கள். அட்டை வாசனை போகாத பெட்டி.

"இடது பக்கம்" என்றார் காதுக்காரர்.

அண்ணனின் துள்ளல் எங்கேயோ இறங்கிப்போயிருந்தது. அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தாள்.

"பாப்பா, கரண்டைப் பிடுங்கு. ஒரு தடவை எல்லாத்தையும் கழட்டி மாட்டிருவோம்."

அவள் திரைக்குப் பின்னால் போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஆம்ப்ளிஃபயரின் சிவப்புப் புள்ளி மங்கி அணைந்தது. காதுக்காரர் அதைப் பார்க்கவில்லை. புதுப்பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த இரைச்சல் மட்டும் போக மாட்டேங்குது, மச்சான். பாட்டை நிறுத்தினாலும் இருக்கு. புதுப்பெட்டியிலயும் அதேதான்."

அவள் கையில் பிளக்கோடு நின்றாள்.

"இப்பவும் கேக்குதா?" என்றாள்.

அவர் திரும்பவில்லை. அவள் அவருடைய இடது பக்கம் நின்றிருந்தாள். காலையிலும் அதே பக்கத்திலிருந்துதான் சாப்பிடக் கூப்பிட்டோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள்.

"இப்பவும் கேக்குதாங்க?"

"நல்லாக் கேக்குது. ஸ்ஸ்ஸுனு. உனக்குக் கேக்கலை?"

அவள் கையை விரித்துக் காட்டினாள்.

காதுக்காரர் பிளக்கைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி பிளக்கைப் பார்த்தார். தெருவில் ஒரு லாரி பின்னால் போவதற்குக் கூவிக்கொண்டிருந்தது. வேறு சத்தம் எதுவும் அந்த வீட்டில் இல்லை. அவருக்கு மட்டும் இருந்தது.

எதற்கும் வாய் வைத்திருக்கிற அண்ணனுக்கு அன்று கிடைத்தது இவ்வளவுதான்: "உள்ள கரண்ட் கொஞ்ச நேரம் தங்கும், மாப்ளே..."

"ரெண்டு நொடி தங்கும், மச்சான்" என்றார் காதுக்காரர்.

பெட்டியிலிருந்து தலையை எடுத்தார். நாற்காலியிடம் போய் நின்றார்.

"மாத்திப் பார்க்காதது ஒண்ணு பாக்கி இருக்கு. கரண்டைக் கொடு."

அவள் பிளக்கைச் செருகினாள். அவர் நாற்காலியை அப்படியே திருப்பிப் போட்டார். ஸ்பீக்கர்களுக்கு முதுகு, சுவருக்கு முகம். உட்கார்ந்தார். அண்ணன் பாட்டைப் போட்டார். இரண்டாவது அமுக்கில்தான் பாடியது.

ஒரு பல்லவி முடிகிறவரை காதுக்காரர் அசையவில்லை.

"ஜன்னல் பக்கத்துது பிரமாதமா இருக்கு" என்றார் சுவரைப் பார்த்து. "கதவுப் பக்கத்துது செத்துப்போச்சு."

அண்ணன் பாட்டை நிறுத்தினார்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள் மனைவி.

"திங்கக்கிழமை. எழுந்தப்பவே காது அடைச்ச மாதிரி இருந்துச்சு. சளின்னு நினைச்சேன். முந்தின நாள்தான் பெட்டி வந்துச்சு. பெட்டியைச் சொல்றது சுலபமா இருந்துச்சு."

"டாக்டர்கிட்ட ஒரு நடை போயிருக்கலாமே."

"காது டாக்டர் வாசல்ல என் வண்டி அஞ்சு நிமிஷம் நின்னா போதும். சாயங்காலத்துக்குள்ள சந்தைக்கே தெரிஞ்சிரும். அப்புறம் யாரு கூப்பிடுவா?" சுவரை விட்டுத் திரும்பி, "எனக்கே தெரிஞ்சிருமே" என்றார்.

"போன வாரம் நான் காதைக் காட்டச் சொன்னேன்" என்றார் அண்ணன். "ஆத்திரத்துல சொன்னேன் மாப்ளே. சத்தியமா ஆத்திரத்துலதான் சொன்னேன்."

"ஆத்திரத்துல சொல்லாம இருந்திருந்தா போயிருப்பேன், மச்சான்."

அண்ணன் வேன் சாவியை எடுத்தார். "என் வண்டி நிக்கட்டும் அங்க. எனக்குக் காது போனா எவனும் கவலைப்பட மாட்டான். ஏறுங்க."

காது டாக்டரின் அறையில் சனிக்கிழமைகளில் இரண்டு மணிவரைதான் பார்ப்பார்கள். போய்ச் சேரும்போது ஒன்றேகால். டாக்டர் அம்மையார் களைத்துப்போயிருந்தார். முன்னால் நான்கு பேர். அண்ணன் வரவேற்பு மேஜையில் நின்று என்ன பேசினாரோ, இரண்டாவதாக உள்ளே விட்டார்கள்.

டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, அடைப்பு இல்லை. இழுப்பறையிலிருந்து இரண்டு கால் உள்ள ஓர் இரும்புக் கவட்டையை எடுத்து முழங்கையில் தட்டி, அதன் காம்பை அவருடைய நெற்றியின் நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது."

"நடுவுல இல்லையா?"

"வலது. ஐந்நூத்திப் பன்னெண்டு."

"என்னது?"

"அந்தச் சத்தம். நொடிக்கு ஐந்நூத்திப் பன்னெண்டு அதிர்வு."

டாக்டர் கவட்டையைத் திருப்பி, காம்பில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

அவர் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எந்திரிங்க, பூத்துக்குப் போவோம்" என்றார்.

பூத் என்பது இரும்புப்பெட்டி மாதிரி ஓர் அறை. கண்ணாடி வைத்த தடித்த கதவு. காதுக்காரர் உள்ளே போகும்போதே, "கதவு ரப்பர் போயிருக்கு, வெளிச்சத்தம் உள்ள வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். தலையில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார்கள். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும்.

வலது காதுக்கு ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்கு வெளியே மனைவி நின்று பார்த்தாள். கட்டைவிரல் அமுக்கியது, அமுக்கியது, அமுக்கிக்கொண்டே இருந்தது. "இந்த வயசுக்கு இப்படி ஒரு காதை நான் பார்த்ததில்ல" என்றார் டாக்டர், திரையைப் பார்த்தபடி.

பிறகு இடது காதுக்கு மாற்றினார்கள்.

கட்டைவிரல் பொத்தான் மேல் தயாராக இருந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். டாக்டர் திருகை ஒவ்வொரு படியாக ஏற்றினார். கட்டைவிரல் அசையவில்லை. இன்னும் ஏற்றினார். அந்தச் சத்தம் கதவு ரப்பர் வழியாகக் கசிந்து வெளியே நின்றவளுக்கே மெல்லிசாகக் கேட்டது. தகர டப்பாவுக்குக் கேட்டது. உள்ளே கட்டைவிரல் அப்படியே இருந்தது.

அண்ணனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். முன்பே கடைக்கு வந்து நம்பர் வாங்கிப்போன பல் டாக்டர். கீழே ஒரு செய்தியும் வந்தது: 'நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தது. காதுக்காரருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?' அவர் பதில் எழுத ஆரம்பித்தார், அழித்தார், போனைக் கவிழ்த்துப் பைக்குள் போட்டார்.

காதுக்காரர் பூத்தில் தலையில் மாட்டியதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, டாக்டர் மற்ற இருவரையும் மேஜைக்கு அழைத்தார்.

"காதுக்குள்ள இருக்கிற நரம்பு திடீர்னு சோர்ந்துபோற கேஸ் இது. ஏன்னு பல நேரம் எங்களுக்கே தெரியாது. முதல் ரெண்டு மூணு நாள்லயே வந்திருந்தா நல்ல வாய்ப்பு. ரெண்டு வாரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சாலும் முயற்சி பண்ணலாம். அதுக்கு மேல போனா கஷ்டம். இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கிறேன். திங்கக்கிழமையிலேர்ந்து காதுக்குள்ள ஊசியும் போட்டுப் பார்ப்போம். தலையை ஒரு ஸ்கேனும் எடுத்துரணும்."

"திரும்பி வந்துருமில்ல டாக்டர்?" என்றார் அண்ணன். "ஒரு எண்பது சதவீதமாவது?"

டாக்டர் பேனா மூடியைத் திறந்தார்.

"சரி, அறுபது."

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க."

"அம்பது? பாதிக்குப் பாதி?"

"ஐயா..."

"நாப்பது சொல்லுங்க டாக்டர். நாப்பதுன்னா நான் எடுத்துக்கிறேன்."

முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவர். எதிராளி ஒரு விலையும் சொல்லாமலேயே தன் விலையைத் தானே இறக்கிக்கொண்டு வந்தது அன்றுதான் முதல் தடவை. முப்பது என்று சொல்ல வாயெடுத்தபோது தங்கை அவர் கையைப் பிடித்தாள்.

"விடு அண்ணே."

டாக்டர் சீட்டை எடுத்தார். "வாய்ப்பு இருக்கு. எவ்வளவுன்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். இதை மட்டும் சரியா சொல்லுங்க. இன்னைக்கு எத்தனாவது நாள்?"

கண்ணாடிக் கதவுக்குள் காதுக்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தார். தலையில் மாட்டியிருந்ததை மடியில் வைத்துக்கொண்டு, இடது பக்கத்துக் கிண்ணத்தை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்தார்.

அவள் மனதுக்குள் எண்ணினாள். விரல் விடவில்லை.

திங்களும் செவ்வாயும் சளி என்று போனவை. புதன், வியாழன், வெள்ளி வயர் மாற்றியே போனவை. அவர் பேரில் ஐந்து. சனியிலிருந்து அடுத்த செவ்வாய்வரை நான்கு நாள், அண்ணனும் தங்கையும் யார் முதலில் போன் எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தவை. அண்ணன் பேரில் இரண்டு, அவள் பேரில் இரண்டு. புதன், வியாழன், வெள்ளி: காதில் விழுந்தும் சொல்லாமல் துணி விரித்தவை. அந்த மூன்றில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. முழுக்க அவள் பேரில். இன்றைய பொழுது ஒன்று, பல் டாக்டரின் மூவாயிரத்துக்காகப் போனது.

"பதிமூணு" என்றாள்.

டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். அவருக்கு மொத்தம் மட்டும் போதும். யார் பேரில் எவ்வளவு என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. ஐந்து, இரண்டு, ஐந்து, ஒன்று. இரண்டு வாரத்துக்குப் பதினான்கு, அதில் கழித்தால் மீதி ஒரு நாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை.